வலி மருந்து வேண்டாங்க

2024 மார்ச் 12, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, சமையலை முடித்துவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் என் எட்டு வயது மகள் யாழினி சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பிறகு, சிரிப்பதிலிருந்து அழுவதுவரை வரிசையாக முகங்கள் வரைந்த அட்டையைச் செவிலியர் நீட்டினார். "எவ்வளவு வலிக்குது கண்ணு?" யாழினி உதட்டைக் கடித்தபடி சிரிக்கும் முகத்தைத் தொட்டாள்.

அதே வயதில், 1991-இல், சிங்காநல்லூரில் எனக்கும் கை முறிந்தது. "வலிக்கு மருந்து தரட்டா மோளே?" என்று ஆஸ்பத்திரியில் ஒரு பாலக்காட்டு நர்ஸ் கேட்டார். "வேண்டாங்க" என்றேன். யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லி, வற்புறுத்திய பிறகே வாங்கிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அவர் வற்புறுத்தாமல் போய்விட்டார். டெட்டால் வாசனைக்கு நடுவே, அவர் திரும்பி வருவாரென்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மில்லில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் துகளோடு வந்த அப்பா, என் முகத்தைப் பார்த்ததும், மருந்தை வேண்டாமென்று சொல்லியிருப்பேன் எனக் கண்டுகொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர், காப்பி வேண்டாங்கற மாதிரி சொல்லிப்போட்டாளுங்க. இன்னொருக்கா கேளுங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டார். "கொஞ்சமாக் குடுங்க" என்றேன்.

யாழினியிடமும் இன்னொரு முறை கேட்கும்படி செவிலியரிடம் சொன்னேன். அவள் விரல் மெதுவாக அழும் முகத்துக்குப் போனது.

மறுநாள் காலை, நான் கேட்கும் முன்பே "அம்மா, வலிக்குது" என்றாள். முதல் வேலையாக மருந்தை ஊற்றிக் கொடுத்தேன்.