கண்ணாடி போட்டால் தெரியாத நட்சத்திரம்

சாலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலைக்கு நிற்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் லேசர் வேலை பார்க்கப் போகிறாள் என்றதும் நான் முதலில் கேட்டது இதுதான்.

"மக்ளே, அது மேல போற பிளேன்ல பட்டா?"

"மேசை மேலதான் அடிக்கேன்ப்பா. அங்க பிளேன் வந்தா நிறுத்திருகேன்."

நட்சத்திரம் மினுங்குவது காற்று அசைவதால் என்று அவள்தான் சொல்லித்தந்தாள். தொலைநோக்கிக்கு அந்த மினுக்கம் பகை. காற்றின் அசைவை அளக்கப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். இல்லாத இடத்தில் மஞ்சள் லேசரை மேலே அனுப்பி ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்குவார்கள். அதன் வெளிச்சம் திரும்பி வந்து, குட்டி லென்ஸுகள் வழியே புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகள் எவ்வளவு விலகின என்று பார்த்து, ஒரு கண்ணாடி நெளிந்துகொடுத்துப் படத்தைத் தெளிவாக்கும். புள்ளிகளை அளக்கும் அந்தக் கருவியை, அதே மஞ்சள் லேசரை மேசைமேல் அடித்துச் சரிபார்ப்பதுதான் மகளுடைய வேலை. நிஜ வானத்தில் செய்து பார்க்க வெளிநாட்டு மலையொன்றிலிருந்து அழைப்பும் வந்திருந்தது.

தினமும் கேட்பேன், "கண்ணுக்குக் கண்ணாடி போட்டியா?"

"போட்டேன்ப்பா. பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

போடத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கண்ணாடி தடுப்பது அதே மஞ்சள் வெளிச்சத்தைத்தான். போட்டால் புள்ளி தெரியாது, தெரியாமல் லென்ஸை நேராக வைக்க முடியாது. அதனால் அங்கே எல்லோரும் லேசரைக் குறைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்களாம். ஒரு நாள், லேசரைக் குறைத்துவிட்டதாக நினைத்துக் கண்ணாடியை ஏற்றியிருக்கிறாள். கையிலிருந்த, திருகு முடுக்கும் அலன் கீயில் பட்டு வெளிச்சம் வலது கண்ணுக்குள் திரும்பிவிட்டது. எங்கள் கடையிலும் விற்கிற சாமான்தான்.

வலியே இல்லை என்றாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கண் மருத்துவர் படமெடுத்துப் பார்த்தார். "நடுபாகம் பொள்ளிப்போயி. அச்சன் டென்ஷன் ஆவண்டா," என்று மலையாளத்தில் என்னைத் தேற்றினார். பார்வையின் நடுவிடம் வெந்துவிட்டது. இனி ஆறாது.

"வேற கண்ணாடி ஏதாவது போட்டா சரியாவுமா சார்?"

மகள்தான் பதில் சொன்னாள். "வெளிச்சம் வளைஞ்சு வந்தா நேராக்கலாம்ப்பா. வந்து விழுற இடமே போச்சே."

மலைக்குப் போவதைப் பற்றிக் கேட்காமல் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் அவள் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்ன மக்ளே தெரியுது?"

"ரெண்டு காதும் தெரியுது. கழுத்து தெரியுது. மூஞ்சி இல்ல." கொஞ்சம் சிரித்தாள். "அழணும்னா அழுங்கப்பா. எனக்குத் தெரியாது."