ஓரத்தில் ஆடிய கை

தாயுமானவன் கெட்டிமேளத்தைத் தவறவிட்ட செய்தி, திருவானைக்காவலில் இருக்கும் அவர் வீட்டுக்கு அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

தவில் வாசிப்பவருக்கு அதைவிடப் பெரிய பிழை இல்லை. தாலி கட்டும் நொடியில் புரோகிதர் விரலை உயர்த்தி ஆட்டுவார். அந்த நொடியே தவில் பொழிய வேண்டும். சபையில் யாராவது தும்மினாலும் அழுதாலும் வேண்டாத சொல்லைச் சொன்னாலும் மணமக்கள் காதில் விழக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை அது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும்போது "கெட்டிமேளம்" என்று கத்தினாலும் கேட்காது. விரலைக் கண்ணால் பிடித்தால்தான் உண்டு.

அன்று விரல் ஆடியது. தாயுமானவன் தன் பாட்டுக்கு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா போட்ட தும்மல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அந்தாள் கையே ஆட்டலை," என்றார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே.

"வீடியோவுல ஆட்டுறாராமே," என்றார் மனைவி மட்டுவார்குழலி. "உங்க கோஷ்டி ஜெய்சங்கர் தம்பி போன் பண்ணுச்சு. விசிறி மாதிரி ஆட்டுறாராம்."

"வீடியோக்காரனுக்கு என்ன தெரியும்?"

"கை தெரிஞ்சிருக்குல்ல. அப்புறம் என்ன?"

மலைக்கோட்டையில் குடியிருக்கும் சாமியின் பெயர் கணவருக்கு, அம்மனின் பெயர் மனைவிக்கு. ஜாதகம் பார்க்காமல் பெயரைப் பார்த்தே முடித்த கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பெயர்ப் பொருத்தத்தோடு பொருத்தம் முடிந்துவிட்டது என்று மட்டுவார்குழலியும் சொல்வதுண்டு. எதற்கும் இறங்கிவராத மனிதர் அவர். தில்லை நகரில் ஒரு கண் கிளினிக்குக்கு அவர் போக ஒப்புக்கொண்டதுகூட, தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மனைவியின் எதிரிலேயே நிரூபிப்பதற்காகத்தான்.

முதலில் நிரூபித்தும் விட்டார். சுவரில் ஒளிர்ந்த எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாக மூடிக் கடைசி வரிவரை படித்தார். "அடியில கம்பெனி பேர் இருக்கு. அதையும் படிக்கட்டுமா?" என்றார்.

டாக்டர் ஹரிபிரசாத் சிரிக்கவில்லை. மரத்துப்போகும் மருந்தை விட்டு, நீல வெளிச்சம் வீசும் கருவியால் விழியின் அழுத்தத்தை அளந்தார். பிறகு வேறு மருந்து விட்டுக் கண்பாவையை விரியவைத்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க படிச்சது நடுப்பார்வை. அது நல்லா இருக்கு. போறது ஓரம்," என்றார். "கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அது வடியணும். முக்கொம்பு அணையில ஷட்டரை அடைச்சிட்டா மேல என்ன ஆகும்? அதான் உள்ள நடக்குது. வடிகால் சரியில்லை, அழுத்தம் ஏறுது, பின்னாடி இருக்கிற பார்வை நரம்பு நசுங்குது. கிளாக்கோமான்னு பேரு. வலது கண்ணுல ரொம்பப் போயிருச்சு."

"வலியே இல்லையே."

"பெரும்பாலும் வலிக்காது. வலிச்சா முன்னாடியே வந்திருப்பீங்க."

ஓரப்பார்வை எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதை நடத்துபவர் சபீனா. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வெளிச்சப் பொட்டு மின்னும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் சபீனா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஐயா, வெளிச்சம் தெரிஞ்சப்ப மட்டும்தான் அழுத்துனீங்களா?"

"ஏம்மா?"

"இந்த மெஷின் இடையில வெளிச்சம் காட்டாம சத்தம் மட்டும் போடும். ஏமாத்துறாங்களான்னு பார்க்கிறதுக்கு. நீங்க அதுக்கும் அழுத்தியிருக்கீங்க."

"டக், டக்னு ஒரே சீரா வருது. நடுவுல எப்படிம்மா விடுறது?"

சபீனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நீங்க பார்க்கலை ஐயா. வாசிச்சிருக்கீங்க."

மட்டுவார்குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாயுமானவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுபடியும் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். தாளத்தை வைத்து ஆளை ஏமாற்றும் மெஷினை நம்பி மருந்து விட்டுக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தார். கதவு வரை வந்த சபீனா, "வெளிச்சத்துல நின்னு ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க ஐயா, தூரத்துல ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டே," என்றார். அவர் திரும்பவில்லை. சொட்டு மருந்துக் குப்பி பிரிக்கப்படாமலே ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது.

இந்த நோயின் தந்திரம் அது இருட்டாக வருவதில்லை என்பது. இருட்டு வந்தால் மனிதன் கவனித்துவிடுவான். ஒரு கண் விட்டதை மறு கண் நிரப்பும். இரண்டும் விட்டதை மனம் நிரப்பும். இல்லாததை ஒருவன் எப்படி அறிகிறான் என்று பழைய தர்க்கக்காரர்கள் வாதிட்டிருக்கிறார்கள். தரையில் பானை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தரையாவது தெரிய வேண்டும். தாயுமானவனுக்குப் பானையோடு தரையும் சேர்ந்து போயிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் உலகத்தில் அந்தக் கை ஆடவே இல்லை.

அடுத்த கல்யாணத்தில் கோஷ்டித் தலைவர் ஜெய்சங்கர், வயதில் இளையவர், ஏதோ இட நெருக்கடி என்று சொல்லி அவரை ஓரத்துக்கு நகர்த்தினார். இன்னொரு தவில்காரரான ரஞ்சித் மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகூர்த்தத்தில் ரஞ்சித்தின் தவில் முதலில் எழுந்தது. தாயுமானவன் பின்னால் சேர்ந்துகொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது, நல்ல வெயிலில், திருவானைக்காவல் பஸ் நிறுத்தத்தில் நின்று இடது கண்ணைக் கையால் மூடினார். தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தார். கலசம் பளிச்சென்று தெரிந்தது. வலது பக்கமிருந்து ஹாரன் கேட்டது, பஸ் இல்லை. ஹாரன் காதைப் பிளந்தது, அப்போதும் இல்லை. பிறகு, எங்கிருந்தும் வராமல், கோபுரத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் முகம் முளைத்தது. இடது கண்ணைத் திறந்து வலதை மூடினார். கடைப்பலகைகள் திரும்பி வந்தன. வலது கோடியை மட்டும் மூக்கு மறைத்தது. மணமேடை எப்போதும் அந்தக் கோடியில்தான் இருக்கும்.

அவருடைய அப்பாவும் தவில்காரர்தான். பிற்காலத்தில் தெருவில் யார் பக்கத்தில் வந்து நின்றாலும் கவனிக்காமல் நடப்பார். திமிர் பிடித்த மனிதர் என்று ஊர் சொன்னது. அப்படித்தான் மகனும் நம்பியிருந்தார். அந்தத் திமிரை ஒரு சொத்துபோலத் தானும் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் பாதி நரம்பு நோயாக இருந்திருக்கும் என்ற நினைப்பு அவரைக் கொஞ்ச நேரம் வீட்டுக்கு நடக்கவிடாமல் அங்கேயே நிறுத்திவைத்தது.

மறுபடி தில்லை நகருக்குத் தனியாகவே போனார். சபீனா பஞ்சு உருண்டைகளை நீட்டினார். "காதுல வச்சுக்கங்க ஐயா. சத்தம் கேக்காது."

"வேண்டாம்மா. நல்லாக் கேக்கட்டும். என் கை என் பேச்சைக் கேக்குதான்னு பார்த்துருவோம்."

கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தார். டக் என்றது, பொட்டு மின்னியது, அழுத்தினார். டக் என்றது, ஒன்றும் இல்லை. கட்டைவிரல் துடித்தது; அழுத்தவில்லை. இன்னொரு டக், ஒன்றும் இல்லை. இன்னொன்று. வாழ்நாள் முழுவதும் எந்த அடியையும் காலியாகப் போகவிடாத கை அது. இப்போது அடிக்கு மேல் அடி வரிசையாக, அவர் கண்ணெதிரில் என்றுகூடச் சொல்ல முடியாது, அவர் காதெதிரில் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முடிவைத் திரையில் பார்க்க அவர் கேட்கவில்லை.

"போனது திரும்பாதுங்க," என்றார் ஹரிபிரசாத். "இருக்கிறதைக் காப்பாத்தலாம். காலையிலயும் ராத்திரியும் மருந்து, ஒரு வேளைகூட விடாம. உங்க பசங்களையும் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும்."

ஜெய்சங்கர் தாயுமானவனைத் தேடி வீட்டுக்கு வந்தார். காப்பி ஆறும்வரை சுற்றி வளைத்தார். கடைசியில், "உங்க மரியாதைக்குத்தாண்ணே சொல்றேன்," என்றார். "கண்ணு சரியில்லாதவர்னு தெரிஞ்சா கல்யாண வீட்டுல அபசகுனம்பாங்க. பேரு கெடுறதுக்கு முன்னாடி நாமளே..."

"நாமளேன்னா? நீயும் நிறுத்துறியா?"

"அண்ணே..."

"எனக்குப் போனது வலது ஓரம். கை இருக்கு, காது இருக்கு, நடுக்கண்ணு இருக்கு. மேடை ஓரத்துல இருக்கிறதாலதானே கஷ்டம்? நேரா வச்சுக்கிறேன். மேடையைப் பார்த்து உட்காருறேன்."

"சபைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா? எந்த ஊர் வழக்கம்ணே அது?"

"இன்னையிலேர்ந்து திருவானைக்காவல் வழக்கம்."

உள்ளேயிருந்து மட்டுவார்குழலி, "இவ்வளவு நாளா வீட்டுலதான் இவர் முதுகைப் பார்த்துக்கிட்டிருந்தோம். இனிமே சபையும் பார்க்கட்டும்," என்றார். யார் பக்கம் நின்று சொன்னார் என்பது தெளிவாக இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் அடுத்த முகூர்த்தம். பெண் வீட்டார் உப்பிலியபுரத்துக்காரர்கள். விடியும்போதே தாயுமானவன் தன் ஜமக்காளத்தை மணமேடையைப் பார்க்கும்படி விரித்து உட்கார்ந்தார். தலையை அண்ணாந்து, எல்லோரும் பார்க்க, கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டார். பெண்ணின் தாய்மாமன் காத்தான் விரைந்து வந்தார்.

"என்னங்க இது? மெட்ராஸ் ஐ வந்திருக்கா? ஒட்டிக்கப்போவுது!"

"ஒட்டாதுங்க. இது நரம்பு வியாதி. எங்க அப்பா கொடுத்துட்டுப் போனது."

"அப்ப கண்ணு தெரியாதா?"

"நேரா தெரியும். உங்க மீசையில நரைச்ச முடிகூடத் தெரியுது. வலது ஓரம் தெரியாது. அதான் இப்படி உட்கார்ந்திருக்கேன்."

காத்தான் ஜெய்சங்கரிடம் திரும்பினார். "நல்ல காரியத்துல இப்படி ஒருத்தரா? வேற ஆளே இல்லையா உங்ககிட்ட?"

ஜெய்சங்கர் தன் நாதஸ்வரத்தின் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாயுமானவனே பதில் சொன்னார்.

"இருக்காரு, ரஞ்சித். நல்லா வாசிப்பாரு. என்னை எழுப்பணும்னா இப்பவே சொல்லுங்க. தாலியைக் கையில எடுத்தப்புறம் சொல்லாதீங்க. ஆனா என் வாசிப்பு பிடிக்கலைன்னு சொல்லி எழுப்புங்க. கண்ணு தெரியலைன்னு சொல்லி எழுப்பாதீங்க, ஏன்னா தெரியுது."

காத்தான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வந்தாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். வாசலுக்கு ஓடினார்.

புரோகிதர் பழக்க தோஷத்தில் ரஞ்சித் இருந்த பக்கம் திரும்பித்தான் விரலை உயர்த்தினார். விரல் ஆடத் தொடங்குவதற்குள் தாயுமானவனின் தவில் மண்டபத்தை நிறைத்துவிட்டது. ரஞ்சித் பின்னால் வந்து சேர்ந்தார். அன்று வாசித்ததைப் பிரமாதம் என்று சொல்ல முடியாது. கோபத்தில் வாசித்தார், வேகம் இருந்தது, நயம் குறைவு. ஆனால் நொடி தவறவில்லை, மூன்று முடிச்சும் அந்த ஓசைக்குள்ளேயே விழுந்தன.

சாப்பாட்டுப் பந்தியில் காத்தான் எதிரே வந்து நின்றார். "மேளம் சரியா வந்துச்சு. முதுகுதான் பார்க்க நல்லா இல்லை."

"அடுத்த கல்யாணத்துக்கு முதுகுலயும் சந்தனம் பூசிக்கிறேன்," என்றார் தாயுமானவன், ரசத்தை வாங்கிக்கொண்டே.

பிறகு இரண்டு வீட்டார் இந்தக் கோஷ்டி வேண்டாம் என்றார்கள். அதை ஜெய்சங்கர் அவரிடம் மறைக்கவில்லை. தாயுமானவனும் பழையபடி சபையைப் பார்த்து உட்காருகிறேன் என்று சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது ஜெய்சங்கர் அவருக்கு எதிரிலேயே போனைப் பேசினார். நாள், மண்டபம், நேரம் எல்லாம் முடிந்த பிறகு, "ஒண்ணு சொல்லிடுறேங்க. எங்க பெரிய தவில்காரர் மேடையைப் பார்த்துதான் உட்காருவாரு," என்றார்.

அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போலும்.

"கண்ணுங்க," என்றார் ஜெய்சங்கர்.