லொறியோடு கலியாணத்துக்கு வந்த எங்கள் அண்ணர்

அண்ணரின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, "நல்லதாய் எழுது, என்ன?" என்றும் சேர்த்துச் சொன்னார். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் எங்கள் அண்ணரைப் பற்றி எரிச்சல் இல்லாமல் நான் ஒரு பக்கம் எழுதினால், இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒருவரும் அதை நம்பமாட்டீர்கள். வாழ்நாள் முழுக்க அவரோடு சண்டை பிடித்தவள் நான். இப்போது திடீரென்று புகழ்ந்து எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும்.

சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அவர் பிறந்தார். மருத்துவிச்சி சொன்ன நாள் கடந்து, எல்லோரையும் பயப்படுத்திவிட்டுத்தான் பிறந்தாராம். அன்று தொடங்கிய சுணக்கம் கடைசிவரை தீரவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் யாருடைய சைக்கிள் செயின் கழன்றிருந்தாலும் குந்தியிருந்து பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகருவார். பிந்திப் போய் அடி வாங்குவார். ஏன் பிந்தியது என்று கேட்டால், "வழியில சுணங்கிப் போச்சு" என்பதோடு வாயை மூடிவிடுவார். காரணத்தைச் சொன்னால் பாதி அடி குறைந்திருக்கும். சொல்லமாட்டார். இந்த ஒரு குணத்தால் எங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

எழுபதுகளின் கடைசியில் பொறியியல் படிக்க லண்டன் வந்தார். அப்பா காலமானதும் படிப்பு நின்றது. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தார். பிறகு, வீதியில் பழுதாகிக் கிடக்கும் பெரிய பார லொறிகளை இழுத்துச் செல்லும் ஒரு கம்பனியில் ரிக்கவரி லொறி ஓட்டச் சேர்ந்தார். வீட்டுக்கு எழுதும்போது "போக்குவரத்துத் துறையில் இருக்கிறேன்" என்று எழுதினார். அம்மா அதைப் பெரிய கந்தோரில் மேசை உத்தியோகம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என்னை இங்கே கூப்பிட்டதும் அவர்தான். நான் ஹீத்ரோவில் வந்து இறங்கி, சூட்கேசின் மேல் இருந்து அழுது முடித்து, முகமும் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அண்ணர் வந்து சேர்ந்தார். "வழியில சுணங்கிப் போச்சு" என்றார்.

அவருடைய வேலையும் அவசரத்துக்கு ஒத்துவராத வேலை. லொறியின் பிரேக்கை விட்டு வைத்திருப்பது காற்று. காற்று இறங்கினால் சில்லுகள் இறுகி, யானை வந்து இழுத்தாலும் அசையாது. ரிக்கவரி லொறியிலிருந்து குழாய் போட்டுக் காற்றுக் கொடுக்க வேண்டும். பிறகு அடியில் படுத்து, பின் சில்லுகளைச் சுழற்றும் இரும்புத் தண்டைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் இழுத்தால் கியர்பெட்டி எரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தைத் தூக்கி மெல்ல இழுக்கலாம். இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், லொறியைப் பற்றிக் கேட்டால் அண்ணர் சோறு ஆறும்வரை சொல்லுவார். தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும்தான் வாய் திறக்காது.

என் திருமணம் எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்ட்ஹாமில் இருந்து கோச் பிடித்து வரவேண்டும். மாமா, அதாவது என் மாமனார், ஊரில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர், நேரமும் மரியாதையும் தவறினால் மன்னிக்க மாட்டார். பெண்ணின் தமையன் லொறி இழுக்கிறவர் என்பது அவருக்கு ஏற்கெனவே அரைச் சம்மதம்தான். ஊரிலிருந்து அம்மாவால் வர முடியாத நிலை. கன்னிகாதானம் செய்துகொடுக்கச் சித்தப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். தோழன், எங்கள் அண்ணர்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் முறையில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போகவேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவருடைய விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவார். தோழன் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அன்று காலை நான் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வர, தொலைபேசி அடித்தது. அண்ணர் எடுத்தார். "எந்தப் பக்கம் போற ரோட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டதை மட்டும் கேட்டேன். அப்போதே அவர் பட்டுவேட்டி கட்டியிருந்தார். அதன் மேல் செம்மஞ்சள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, லொறித் திறப்பை எடுத்தார்.

"அண்ணை, இண்டைக்கு என்ர கலியாணம்."

"ஓம். வாறன்."

அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது. நான் அழுதேன், சின்னம்மா திட்டினார், சித்தப்பா கம்பனிக்குப் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தங்கையின் கலியாண நாளில் யாருடையதோ லொறியை இழுக்கப் போகும் மனிதரை என்னவென்று சொல்வது?

நடந்தது இதுதான். நோர்த் சேர்க்குலர் வீதியில், ஹரோப் பக்கம் வரும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு நீண்ட லொறி கிடந்தது. அதன் பின்னால் வாகனங்கள் நிரையாக நின்றன. கொஞ்ச நேரத்தில் என் மாப்பிள்ளையின் கோச்சும் அந்த நிரையில் வந்து மாட்டிக்கொண்டது. இனிச் சொல்வது என் கணவர் ஒவ்வொரு வருடமும் எங்கள் திருமண நாளில் சொல்வது. பொறுத்துப் பார்த்த மாமா கோச்சை விட்டு இறங்கி நடந்தார். லொறியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் தெரிந்தன. சரிகைக் கரை போட்ட வேட்டி, செருப்பு. மாமா திகைத்துப்போய்த் தமிழிலேயே கேட்டார்.

"தம்பி, ஒரு கயிற்றைக் கட்டி ஓரமாய் இழுத்து விட ஏலாதோ? எங்களுக்கு முகூர்த்தம் போகுது."

"கயிறு கட்டி இழுக்க இது ஆடு இல்லை ஐயா. காத்து ஏறாமல் பிரேக் விடாது. கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் போகாமல் கலியாணம் நடக்காது. நான் வராமல் நீங்கள் மண்டபத்துக்குள்ள போக ஏலாது."

"நீர் ஆர்?"

"பொம்பிளையின்ர தமையன்."

மாமா திரும்பி வந்து கோச்சில் ஏறிக்கொண்டாராம்.

வழி திறந்தது. கோச் மண்டபத்துக்கு வந்துவிட்டது. தோழனைக் காணோம். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். சித்தப்பா தன் மகனைத் தோழனாக நிறுத்தலாம் என்றார், மாமாவும் தலையாட்டினார். என் கணவர் மட்டும் கோச்சின் படியிலேயே நின்றுகொண்டார்.

"அவர் வரட்டும்," என்றார். "ரோட்டில கிடந்து எங்களை அனுப்பிவிட்டவர் அவர்தானே."

உள்ளே மணவறைக்குப் பக்கத்து அறையில் இருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது. முகூர்த்தம் தவறப்போகிறது, மாமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே ஒரு பெரிய இரைச்சல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், அந்த அமைதியான வீதியில் ரிக்கவரி லொறியும், அதன் முதுகில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மற்ற லொறியும் வந்து நிற்கின்றன. கொண்டுபோய் விடவேண்டிய இடம் லண்டனின் மற்றப் பக்கம். விட்டுவிட்டு வர நேரமில்லை என்று, இழுத்த லொறியையும் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அயல்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வேலைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணர் மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். கிரீஸ் கையால் கழுவிய பிறகு கால் முன்னைவிடக் கறுப்பாக இருந்ததாம். வேலை செய்து வீங்கிய விரலில் மோதிரம் ஏறுமோ என்று என் கணவர் யோசித்தார். கிரீஸ் இருந்தபடியால் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. முகூர்த்தம் தவறவில்லை. தாலி ஏறி, வாசலில் எங்களைப் படம் எடுத்து முடிந்ததும், ஒரு வாய் சோறும் உண்ணாமல் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த லொறி மலசலகூடத் தாள் ஏற்றிய லொறி என்பதை நான் படங்கள் கழுவி வந்த பிறகுதான் பார்த்தேன். மண்டப வாசலில் மாலையும் கழுத்துமாக நாங்கள் நிற்கிறோம். எங்கள் பின்னால், லொறியின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வரைந்த அந்தத் தாள் சுருள் நிற்கிறது. அல்பத்தைப் பார்த்த அம்மா, "பின்னுக்கு நிக்கிறது என்ன சோடனை?" என்று எழுதிக் கேட்டிருந்தார்.

எந்த வழி என்று போனில் கேட்டபோதே, மாப்பிள்ளை வரும் வழி அடைபட்டது அண்ணருக்குத் தெரியும். அதனால்தான் போனார். அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன? பத்துச் சொல் செலவாகியிருக்குமா? நான் அன்று அழுதிருக்க மாட்டேன். கேட்டதற்கு, "சொல்லிக்கொண்டு நிண்டால் சுணங்கியிருக்கும்" என்றார். நேரத்தைப் பற்றி அவர் கவலைப்பட்ட ஒரேயொரு தடவை அதுதான்.

அதற்குப் பிறகு மோதிரத்தால் வந்தது வினை. முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய விரல் வெறுமையாக இருந்தது. எங்களோடு இருந்த மாமா கண்டுவிட்டார்.

"நாங்கள் போட்ட மோதிரம் எங்கை?"

"வேலைக்குப் போட ஏலாது மாமா."

"இண்டைக்கும் வேலையோ?"

அண்ணர் வடையைத் தின்றார். மாமா அதை அவமரியாதை என்றே எடுத்துக்கொண்டார். அவரோடு வேலை செய்த ஒருவருடைய மோதிரம் சங்கிலியில் கொளுவி விரலே போய்விட்டது என்பதை வேறு ஆட்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். அதையாவது அவர் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லப்போனால், "விடு" என்பார்.

ஆனால் அடுத்த முறையிலிருந்து மோதிரம் விரலில் இருந்தது. எப்படி என்று பிறகுதான் கண்டேன். எங்கள் வாசல் கதவில் மங்கல் கண்ணாடி, வெளியே நிற்பவரின் அசைவு உள்ளே தெரியும். வேலையால் வரும் வழியில் அண்ணர் மணியை அடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, கையைத் துணியால் துடைத்து, திருகித் திருகிப் போடுவார். போகும்போது படியிலேயே கழற்றிப் பையில் வைப்பார். மழையோ பனியோ, பத்து வருடத்துக்கு மேல் இதுதான் நடந்தது. போட்டுவிட்டு மணியை அடித்தால் என்ன என்று கேட்டால் அதற்கும் சிரிப்புத்தான்.

ஒரு நாள் நல்ல மழை. மணி அடித்தது. மாமா எனக்கு முன்னால் போய்ப் பூட்டில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் குசினியிலிருந்து தேநீரோடு வந்தேன்.

"மாமா, திறவுங்கோவன். மழையில நிக்கிறார்."

"பொறு பிள்ளை," என்றார் மெதுவாக. "இன்னும் போட்டு முடியேல்லை."

மாமாவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு சொல் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். நடுவில் என் தேநீர்தான் ஆறிக்கொண்டிருந்தது.

அண்ணரின் கடைசி நாட்களும் இப்படித்தான் போயின. லொறி ஓட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நொந்திருக்கிறது. ரிக்கவரி லொறியை ஓரமாக நிறுத்தி, விளக்குகளைப் போட்டுவிட்டு, லொறியை எடுக்க ஆள் அனுப்பும்படி முதலில் கம்பனிக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஆள் வேண்டும் என்பதைப் பிறகுதான் சொன்னாராம். ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்து, "ஒரு சின்னச் செக்கப். வாறன்" என்றார். இருதய சத்திரசிகிச்சை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே ஓடிப் போய்ப் பார்த்திருப்பேன். நான் போனபோது அவர் கண் திறக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆறவும் வேண்டாம்.

இறுதிக் கிரியையில் அண்ணரின் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்து முடிந்ததும், அண்ணி அவருடைய வேலைச் சட்டைப் பையில் இருந்த மோதிரத்தை என் கணவரிடம் கொடுத்தார். விரலில் இருப்பது எதுவும் தகனத்துக்குப் பிறகு திரும்பி வராது என்று அங்கே வேலை செய்த ஆங்கிலேயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் கணவர் அண்ணரின் விரலில் போட்டுப் பார்த்தார், ஏறவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மாமா பக்கத்தில் வந்தார்.

"அந்த எண்ணெயில கொஞ்சம் பூசு," என்றார். "இனி அவர் வேலைக்குப் போக மாட்டார். போட்டுவிடு."

எண்ணெய் பூசியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. அன்றைக்கு எங்கள் அண்ணர் எல்லாவற்றுக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

செய்தி அறிந்து வந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்தவர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரிக்கவரி லொறியைக் கழுவித் துடைத்து, அண்ணரை ஏற்றிய வண்டிக்கு முன்னால் மெதுவாக ஓட்டிச் சென்ற அவருடைய வேலைத்தள நண்பர்களுக்கும் நன்றி. இவ்வளவு காலமும் ஆறிய சோற்றைச் சூடாக்கிக் காத்திருந்த அண்ணிக்கு நன்றி என்ற சொல் போதாது.

மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார். இப்போதும் வாசல் மணி அடித்தால் அவர்தான் முதலில் எழுந்து போகிறார். பூட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். வெளியே தபால்காரர் இரண்டாம் தரமும் மணியை அடிக்கிறார். திறவுங்கோ மாமா என்று நான் இப்போது சொல்வதில்லை.

அன்புத் தங்கை
ஹரோ, லண்டன்