துசியந்தி சித்தி ஒரு தீவுக்கு விமானம் எடுத்த கதை

லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், எங்கள் வீட்டில் இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பெண் இருக்கிறார். ஒரு நாட்டைக் காக்கப் பதினாறு சண்டை விமானம் தெரிவு செய்தவர். நாடு கற்பனை, பெண் நிசம். என் அம்மாவின் தங்கச்சி துசியந்தி, வயது நாற்பத்தாறு.

சித்திக்கு வேலை பஸ் கராஜில். விடியக்காலமை கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து, எந்த டிரைவருக்கு எந்த பஸ் என்று பிரித்துக் கொடுப்பார். பதினாலு வருசமாக அதே ஜன்னல். அவர் வேலை பழக்கி விட்ட ரெண்டு பொடியன்கள் மனேஜராகிவிட்டார்கள். சித்தி ஆகவில்லை, ஏனென்றால் அதற்கு டிப்ளமோ வேண்டுமாம். சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். போன வருசம் பெயில். இந்த முறையும் கோட்டை விட்டால் மூன்றாம் தரம் எழுத விடமாட்டார்கள். கராஜிலோ ஒரு மனேஜர் கதிரை காலியாகி, விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதியும் போட்டாயிற்று.

படிப்பு என்னவோ பஸ், லொறிகளைக் கட்டி மேய்க்கிற படிப்புத்தான். ஆனால் கடைசிச் சோதனையை வைக்கிற பெல்லமி, விமானப்படையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். லொறி அவருக்குச் சப்பென்று இருக்கும் போல. தாளில் இப்படி இருந்தது: ஒரு சின்னத் தீவு நாடு. ரெண்டு ஓடுபாதை. தெரியாத விமானம் கிட்ட வந்தால் உடனே எழும்பிப் போய் மறிக்க, வருசம் முழுக்க, எந்த நேரமும் ரெண்டு விமானம் ஆயத்தமாக நிற்க வேண்டும். இரட்டை எஞ்சின் உள்ள பெரியது எட்டு வாங்கலாம், அல்லது ஒற்றை எஞ்சின் உள்ள சின்னது பதினாறு. எதை எடுப்பீர்கள்? முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

சித்தி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ரெண்டு கிழமை வெளியே எடுக்கவில்லை.

அவர் பத்து, பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்து வீட்டுப்பாடம் செய்தவர். மேலே போகிற சத்தத்தை வைத்தே ஹெலியா, குண்டு போடுகிற பொம்மரா என்று சொல்லுவாராம். தீவும் சண்டை விமானமும் ஒரே தாளில் இருந்தால் அவருக்கு அது சோதனைத் தாள் இல்லை.

"எனக்கு இது ஏலாது அக்கா," என்று அம்மாவிடம் சொன்னார். "விமானம் நான் எடுத்துக் குடுக்கிறதோ? பெயிலாப் போனாப் போகட்டும்."

வகுப்பில் கூடப் படிக்கிறவர் லக்ஷ்மிப்ரியா. விம்பிள்டன்காரி, சென்னையில் இருந்து வந்து கணினி வேலை செய்கிறவர். அவர் சித்திக்குப் போன் எடுத்தார். "அக்கா, நான் ரெட்டை இன்ஜின்தான் எடுக்கிறேன். பாத்தாலே கெத்தா இருக்கு."

"கெத்து விடியக்காலமை எழும்பி வேலைக்கு வராது பிள்ளை," என்று சித்தி போனை வைத்துவிட்டார்.

நான் ஏ லெவலைப் பாதியில் விட்ட ஆள். எனக்குத் தெரிந்தது பகிடி ஒன்றுதான். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கத்தரிக்காய் மாதிரி ஒரு தீவு கீறி, விமானங்களுக்கு எங்கள் ஊர் பஸ் நம்பர்களையே போட்டு, ஆருக்கு எந்த பஸ் என்று கராஜில் போடுகிற டியூட்டி சீட் போலவே ஒன்று அடித்து அவர் வீட்டு பிரிட்ஜில் ஒட்டினேன். "விமானம் 264. பைலட்: சித்தப்பா. குறிப்பு: உயரம் என்றால் தலைச்சுற்று."

சித்தி வந்தார். வாசித்தார். சிரிக்கவில்லை.

"எடி, 264 இறங்கின பிறகோ 270 ஏறுறது? இடையிலை அந்த அஞ்சு நிமிசம் ஆர் நிக்கிறது?"

"சித்தி, அது சும்மா பகிடிக்கு."

"பகிடியெண்டாலும் ஒழுங்காச் செய். பேனையைத் தா."

சோறு ஆறிப்போய்க் கிடந்தது. பிரிட்ஜ் கதவு நிறைய நீல மை.

சோதனை நாள், வீட்டு ஆட்களும் பின்னால் இருக்கலாம் என்றார்கள். லக்ஷ்மிப்ரியா முதலில் பேசினார். வேகம், உயரம், தூரம். படங்கள் எல்லாம் சும்மா பளபளவென்று. எல்லோரும் பெரியதைத்தான் எடுத்திருந்தார்கள். சித்தியிடம் படம் இல்லை, ஒரே ஒரு டியூட்டி சீட்.

"கடதாசியிலை எட்டு. காலமை எத்தினை?" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார், நான் எங்கடை பாசையில் சொல்கிறேன். "ரெண்டு திருத்த வேலையிலை. ரெண்டு உதிரிச் சாமானுக்குக் காத்து நிக்கும். ஒண்டிலை ஆக்கள் பழகுவினம். மிச்சம் மூண்டு. அதிலை ரெண்டு பழுதானால் தீவு திறந்து கிடக்கும். பதினாறிலை இதே கணக்கைப் போட்டா எனக்கு ஆறு மிஞ்சும். ரெண்டு ஆயத்தத்திலை, ரெண்டு அதுக்குப் பின்னாலை, ரெண்டு மாத்துறதுக்கு."

பெல்லமி தாளைப் புரட்டினார். "விமானத்தில் குண்டு கொளுவும் கொக்கிகளை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். ஒரே விமானம் காவல், குண்டு என்று ரெண்டு வேலையும் செய்யுமே?"

"நீங்கள் தீவைக் காக்கத்தான் கேட்டனியள். கீழை இருக்கிறது அந்தத் தீவின்ரை சனம்."

"கொக்கியைத் திரும்பப் பூட்டலாம், மிசிஸ் துசியந்தி."

"ஓம், பூட்டலாம்." சித்தி அவர் மேசைக்குக் கிட்டப் போனார். "கொக்கியே தேவையில்லை. எங்கடை ஊரிலை சாமான் ஏத்துற விமானத்தின்ரை கதவைத் திறந்து குண்டை உருட்டி விட்டவை. நாங்கள் அதுக்குச் சகடை எண்டு பேர் வைச்சிருந்தனாங்கள். வெட்டினதை மட்டும் நான் நம்பேல்லை. அதாலைதான் இந்தச் சீட். ஆறுக்கும் காவல் வேலை போட்டாச்சு. ஒண்டைக் கழட்டி வேறை இடத்துக்கு அனுப்பினா, கடல் பக்கம் ஒரு ஓட்டை விழும், அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும். அனுப்பினவர் இந்தக் கட்டத்துக்குள்ளை கையெழுத்து வைக்கவேணும். என்ரை கராஜிலை ஒரு பஸ் பாதை மாறிப் போனாலும் ஆர் அனுப்பினது எண்டு பேர் இருக்கும். விமானத்துக்கும் இருக்கட்டும்."

பெல்லமி கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்துக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நாற்பது வருசம் விமானத்தோடு இருந்தேன். இந்தக் கட்டத்தை யாரும் கீறிக் காட்டவில்லை," என்றார். பின்னேரமே முடிவு வந்தது. வகுப்பிலேயே கூடின புள்ளி சித்திக்கு.

"அக்கா, என் எட்டையும் தரையில உக்கார வச்சிட்டீங்க," என்றார் லக்ஷ்மிப்ரியா.

"உமக்கும் பாஸ்தானே. பேசாமல் வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

தேத்தண்ணி ஆற முதலே விண்ணப்பத்தைப் போனில் அனுப்பிவிட்டார். நேர்முகத்துக்கும் அந்தச் சீட்டையே கொண்டுபோய், விமானம் என்று இருந்த இடமெல்லாம் பஸ் என்று வாசித்தாராம். கதிரை கிடைத்தது.

போன திங்கட்கிழமை முதல் நாள். அம்மா நூறு கட்லெட் பொரித்துக் கராஜுக்கு அனுப்பினார். டிரைவர்மார் இருநூறு பேருக்கு இது எந்த மூலைக்குக் காணும் என்று சித்தி போனில் ஏசினார். அம்மா பதில் சொல்ல வாய் திறக்க, அந்தப் பக்கம் வைத்தாயிற்று. மனேஜருக்கு நேரமில்லையாம்.