இரண்டாவது துளை

எங்கள் பட்டறை டிரில்லிங் மிஷினில் மூன்று மில்லி பிட்டு ஒன்று மாட்டியபடியே இருக்கிறது. யாரையும் கழற்ற விடவில்லை. நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். ஒற்றை லேத்தோடு அம்பத்தூரில் தொடங்கினேன். இன்று படித்த இன்ஜினியர்கள் சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருகிறார்கள். அந்த மிஷின் மட்டும் சும்மா நிற்கிறது.

கடைசியாக அதை ஓட்டியவர் என் மனைவியின் தம்பி, என் மச்சான். கோவில்பதாகையில் அவர்களுடைய பழைய வீட்டை இடித்தபோது பரணில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. சுவடிகளைக் கேமராவும் கணினியும் கொண்டு ஆராயும் கொரட்டூர்ப் பெண் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சா போதும் மாமே. அப்பால நானும் உன்ன மாதிரி பீத்திக்கினு திரிவேன்" என்றார். ஓலைகளின் இரண்டு துளைகளும் கோணல்; புதுக் கயிறு நுழையவில்லை. "வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? பட்டறை வெச்சிக்கினு ஒரு ஓட்டைய சரி பண்ணத் தெரிலம்பாங்க" என்றவர், கட்டைப் பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, ஒரு துளையில் பிட்டை இறக்கினார். தகட்டில் போட்டதுபோல் சுத்தமாக வந்தது. நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். "டீ குட்சிட்டு வந்து இன்னொண்ணு" என்று போனவர், டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். பாடை கட்டுகிறவரிடம் முடிச்சு சரியில்லை என்று சண்டை போட்டேன். அழவில்லை.

அந்தப் பெண் சென்ற வாரம் வந்தார். எழுத்தை அவர் படிக்கவே இல்லை. பக்கவாட்டில் விளக்கை வைத்து ஓலையின் தடிமனையும் விளிம்பையும் துளைகளையும் படமெடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கினார். அந்தக் காலத்தில் சூட்டுக்கம்பியால் துளை போடுவார்கள், ஓரம் கருகியிருக்கும், கயிறு தேய்த்த தடம் இருக்கும், வயது தெரிந்த கட்டுகளோடு ஒப்பிட அதுதான் பிடிமானம் என்றார். திரையில் பளிச்சென்று ஒரு வட்டம் வந்தது.

"ஐயோ, யார் சார் இதுல டிரில் போட்டது? எல்லாம் போச்சே!"

அவர் அடுத்த துளைக்கு நகர்ந்தார். கருகல் தெரிந்தது. "நல்லவேளை, இது தப்பிச்சுது. இதுல மட்டும் ஏன் சார் போடல?"

"டீ குடிக்கப் போனாரும்மா."

அவர் சிரித்துவிட்டு அளவெடுக்கத் தொடங்கினார். மாலையில், "நானூறு வருஷமாவது இருக்கும் சார்" என்றார்.

எதையும் மூன்று தெருவுக்குக் கேட்கச் சொல்கிறவன் நான். இரண்டாவது துளை தப்பிய கதையை என் மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. காலையில் பட்டறையைத் திறந்ததும் மிஷின் பக்கம் போய்ப் பார்க்கிறேன். பிட்டின் நெளிவில் ஓலைத் தூள் ஒட்டியே இருக்கிறது.