கேசட்டில் மிஞ்சிய தும்மல்

வற்றல் மிளகாய் நெடி... ஆரியசாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியின் குடோனுக்குள் கால் வைத்தாலே மூக்கில் ஏறிவிடும். இந்தத் தேர்தல் சமயத்தில் டிவி முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த நெடிதான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் ரிப்போர்ட்டர். கேமராவும் நானே, மைக்கும் நானே. கையில் ஒரே ஒரு கேசட். செய்தி ஓடி முடிந்ததும் ரீவைண்ட் செய்து அதன் மேலேயே அடுத்ததை எடுக்க வேண்டும். புதுசு கேட்டால் எடிட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். இந்த மலையாள ஊரில் மிளகாய் மொத்த வியாபாரம். குடோனுக்குப் பின்னால் போகும் சாக்கடை வருஷம் தவறாமல் மழையில் பொங்கி உள்ளே வந்துவிடும். நனைந்த மிளகாயை என்ன செய்வது... கொட்டத்தான் வேண்டும். அந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை அவர் விடவில்லை. உள்ளே கூட்டிப்போய், சுவரில் தண்ணீர் ஏறிய கறையைக் காட்டினார்.

வேட்பாளர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "ஞான் ஜெயிச்சா அடுத்த மழைக்கு முன்னே இந்த ஓடைய நன்னாக்கித் தரும். கேமரா முன்னாடியல்லே சொல்லுது."

சொல்லி முடித்ததும் நெடி தாங்காமல் பெரிதாகத் தும்மினார். அண்ணாச்சி உடனே, "நூறாயுசு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

"மக்களே, இது எப்ப டிவில வரும்?" என்றார் அண்ணாச்சி. சின்னவர்களை அவர் 'மக்களே' என்றுதான் பாசமாகக் கூப்பிடுவார்.

"நாளைக்கு சாயங்காலம், அண்ணாச்சி."

மறுநாள் காலையில் ஒரு ஆடியோ கிளம்பியது. அந்த வேட்பாளர் யாரோ ஒரு பெண்ணிடம் போனில் கொஞ்சிப் பேசினாராம். ஊர் முழுக்க அதே பேச்சு. எடிட்டர் என்னிடம், "ஓட அவிடெத்தன்னெ காணும். நீ ஆ கேட்டின்றெ முன்னில் போ" என்றார். சாக்கடை அங்கேயேதான் இருக்கும், நீ வேட்பாளர் வீட்டு கேட் முன்னால் போய் நில் என்று அர்த்தம்.

போய் நின்றேன். மூன்று நாள்... சாத்திய கேட். அண்ணாச்சி பேட்டி இன்னும் ஒளிபரப்பாகாமல் கேசட்டிலேயே இருந்தது. வேறு கேசட் வாங்க ஆபீசுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் முதல் நாள் நான் போகும்போதே மற்ற சேனல்காரர்கள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரீவைண்ட் பட்டனை அழுத்தினேன். யாரும் சொல்லி அழுத்தவில்லை, நானேதான்.

அவர் ஜெயித்தார். தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாக்கடையைப் பற்றி அதற்கு முன்பும் கேட்கவில்லை.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தது. அண்ணாச்சி முழங்கால் வரை சேறோடு ஆபீசுக்கு வந்தார்.

"மக்களே, அந்தக் கேசட்ட கொஞ்சம் தா. நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு நிக்காரு. அவரு சொன்னத அவருக்கே போட்டுக் காட்டணும். பாதிச் சரக்கு போச்சு, கேட்டியா."

தேர்தலுக்குப் பிறகு எனக்கு வேறு கேசட் கொடுத்திருந்தார்கள், பழையது மேஜை டிராயரிலேயே கிடந்தது. போட்டுக் காட்டினேன். கேட். போலீஸ்காரர். மறுபடியும் கேட். அது முடிந்த இடத்தில், அழியாமல் மிஞ்சிய ஒரு துண்டு... ஒரு தும்மல். "நூறாயுசு" என்ற அண்ணாச்சியின் குரல்.

அண்ணாச்சி கேட்டார். "கடைசில அந்த கேட்டு தெறந்துதா, மக்களே?"

"இல்ல அண்ணாச்சி."

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அடுத்த வருஷம் குடோனைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது எனக்கு நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் ஆபீஸ் வேலை. போனில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை. போன வாரம் அதே சாக்கடை பொங்கிக் கிடந்ததை எடுத்து நம் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். உங்களில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே வந்த புது ஆடியோவைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச்சு. கோபமெல்லாம் இல்லை... நானும் அதை முழுசாகக் கேட்டேன்.

அந்த வேட்பாளர் இந்தத் தடவையும் நிற்கிறார். வயதாகிவிட்டது, ஆனாலும் ஆள் நல்ல திடமாக இருக்கிறார். அண்ணாச்சி வாழ்த்தியது அப்படியே பலித்துவிட்டது.