பஞ்சு ஒட்டிய மோட்சம்

வில்லியம் சாரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டவர்களிடமிருந்து ஒதுங்கிப் போய்விடலாம். இவரைப் போன்ற நல்லவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து தொலைக்கிறார்கள்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். டத்தோ கிராமட் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடு. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார். அதற்காகத் தன் கையாலேயே ஒரு பலகை செய்து வைத்திருந்தார். நீலத் துணி போர்த்திய பலகை, அதில் பஞ்சு மேகங்கள், உச்சியில் பொன் காகிதச் சிம்மாசனம். மேகங்களின் மேல் அட்டையில் வெட்டிய, சிறகு வைத்த சம்மனசுகள். எந்தப் பிள்ளை ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்கிறதோ, அதன் பாஸ்போர்ட் படம் ஒரு சம்மனசின் முகத்தில் ஏறும். தாய்மார்கள் அதைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையை எதற்கு மோட்சத்தில் ஒட்டுகிறீர்கள் என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் மகள் தெரேசாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். மாக் மண்டின் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள். நாற்பது தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. வயிற்றில் வந்த புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து கொடுப்பது என் வேலை. நர்சை இங்கே மிஸ்ஸி என்பார்கள். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் சுத்தமாகச் செய்தேன்.

தெரேசாவின் தம்பி ஜோனத்தனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு வயது மகள் ஷேரனைப் பகலில் இங்கே விட்டுப் போவார்கள். அத்தையின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் நகங்களுக்குச் சாயம் அடிப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு உத்தியோகம். விரலெல்லாம் வழியும். தெரேசா வலியை மறந்து கிடப்பது அந்த நேரத்தில்தான்.

இது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, பிள்ளையை அத்தையின் மரணத்துக்குத் தயார்படுத்த வேண்டும் என்று வில்லியம் சாருக்குத் தோன்றிவிட்டது. பலகையை வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தெரேசாவின் படத்தை ஒட்டினார். ஷேரனின் படம் ஏற்கெனவே ஒரு சம்மனசின் முகத்தில் இருந்தது.

"அத்தை இங்கதான் போகப் போறாங்க, சம்மனசா. ஆண்டவரு தோட்டத்துல எது நல்ல பூவோ அதத்தான் மொதல்ல பறிப்பாரு."

தன் பேச்சில் தானே உருகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷேரன் அழவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா மிஸ்ஸி, எவ்ளோ அழகா புரிஞ்சிக்கிட்டா," என்றார் என்னிடம்.

புரிந்துகொண்டதன் பலன் மறுநாள் தெரிந்தது. மந்திரித்த தண்ணீரில் துப்பினாள். ஜெபம் சொல்லச் சொன்ன தாத்தாவின் கையைக் கடித்தாள். நகச் சாயத்தைக் குப்பையில் போட்டாள். அத்தையின் அறைக்குள் காலை வைக்க மாட்டேன் என்றாள். பலகையிலிருந்து அவள் பிய்த்தெறிந்த தன் படம் கீழே லோங்கான் சாக்கடையில் மிதந்தது.

தெரேசா கதவையே பார்த்துக் கிடந்தாள். "ஏன் மிஸ்ஸி வரமாட்டேங்குறா? எம் மூஞ்சி பயமா இருக்கா?" அவளுக்கு மிஞ்சிப்போனால் இன்னும் சில வாரம். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

வில்லியம் சார் ஜோனத்தனுக்குப் போன் போட்டார். "ஒம் மகளுக்கு என்னமோ புடிச்சிருக்குப்பா. ஜெபக் கூட்டத்து ஆளுங்கள வரச் சொல்லவா?"

அடுப்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஷேரனிடம் நான் கேட்டேன். "படத்த ஏன் பிச்சிப் போட்ட?"

"நான் போகமாட்டேன்."

"எங்க?"

"அத்தை போற எடத்துக்கு. அத்தை படம் ஒட்னாரு, அத்தை போறாங்க. எம் படமும் அங்க இருந்துச்சு. நல்ல பிள்ளையதான் பறிப்பாங்க. நான் நல்ல பிள்ளை இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அத்தைய பறிக்க வரும்போது நானும் ரூம்ல இருந்தா?"

அவள் சொன்னதை அப்படியே கூடத்தில் போய்ச் சொன்னேன். வில்லியம் சார் சிரித்தார். "மோட்சத்துக்கு யாராச்சும் பயப்படுவாங்களா மிஸ்ஸி?"

"போன வாரம் நெஞ்சு எரியுதுன்னு டாக்சி புடிச்சி எமர்ஜென்சிக்கு ஓடுனது யாரு?"

"அது கேஸ்ட்ரிக் லா!"

"அதான். கேஸ்ட்ரிக்குக்கே அந்த ஓட்டம்."

அறைக்குள்ளிருந்து தெரேசாவின் குரல் வந்தது. "அப்பா, அந்தப் பலகைய இங்க கொண்டாங்க."

கொண்டுபோனார்.

"எம் படத்த எடுங்க. நான் இன்னும் சாகல. செத்தாலும் என்னைய யாரும் பறிக்கல. இது கேன்சர்ப்பா. போயி அவகிட்ட சொல்லுங்க. மிஸ்ஸி சொல்லக்கூடாது. ஒட்டுனது நீங்க, நீங்கதான் சொல்லணும்."

மகளிடம் கேன்சர் என்ற சொல்லை அவர் அதுவரை உச்சரித்ததில்லை. "சுகமில்லாம இருக்கா" என்றே காலத்தை ஓட்டியவர். படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்தார். "ஆண்டவரு..." என்று ஆரம்பித்தார், நிறுத்தினார்.

"அத்தைக்கு வயித்துல கேன்சர். டாக்டருங்களால முடியல. அதனால செத்துருவாங்க. நல்லவங்கன்றதுக்காக இல்ல. ஒனக்கு அந்த நோய் இல்ல. பக்கத்துல ஒக்காந்தா ஒட்டாது."

"செத்தப்புறம் வீட்டுக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"மோட்சத்துல புடிக்கலன்னா?"

"தெரியாதும்மா."

"தாத்தா பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படி செஞ்சீங்க?"

"வீட்ல பஞ்சு இருந்துச்சு," என்றார்.

ஷேரன் மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தாள். பிறகு அத்தை அறையின் வாசலில் போய் நின்றாள். "அத்தை, வலிக்குதா?"

"வலிக்குது லா. வாடி உள்ள."

போனாள். நகச் சாயத்தைக் குப்பையிலிருந்து நான்தான் எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் தெரேசா போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டுக்கு வந்த பெண்களைச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாட்டு. அவர்களில் ஒருத்தி ஷேரனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அத்தை தூங்குறாங்கம்மா. நல்ல பூவ ஆண்டவரு பறிச்சிக்கிட்டாரு," என்று தொடங்கினாள்.

"தூங்கல ஆண்ட்டி. செத்துட்டாங்க. கேன்சர்," என்றாள் ஷேரன்.

பெண்கள் எல்லாரும் வில்லியம் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானோபதேச வாத்தியார் வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"சரியாத்தான் சொல்றா," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. பெட்டியில் ஜெபமாலை சுற்றிய கையைக் காட்டி, "இதையாச்சும் தொடச்சி விடுங்க மிஸ்ஸி. ஆண்டவர்கிட்ட போறவ," என்றாள். நகங்களில் ஊதாச் சாயம், விரலெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் வில்லியம் சார் சொன்னார்: "இருக்கட்டும்."

அவரிடம் நான் கேட்ட உருப்படியான ஞானோபதேசம் அது ஒன்றுதான்.